வழி காட்டவா, காட்டிக்கொடுக்கவா?

என்னங்க,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார், வீட்டிலேயே இருங்கள்.

என் சைக்கிளுக்கு ஜிபிஎஸ் வாங்க மூன்று வாரம் கடை கடையாய் ஏறி இறங்கி, வெயிலிலும் வரைபடம் தெரிகிற ஒன்றைச் சொல்லி அனுப்பினேன். நீங்கள் வாங்கி வந்ததோ வேறு. "பாலத்துக்கிட்ட எதுக்கு அரை மணி நேரம் நின்னே?" என்று நேற்று கேட்டீர்களே, அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. நான் போகிற இடமெல்லாம் உங்கள் போனுக்கு வந்துவிடுகிறது! வழி காட்டும் கருவி கேட்டால், என்னைக் காட்டிக்கொடுக்கும் கருவியா? போன மாதம் நான் சைக்கிளிலிருந்து விழுந்ததில் பயந்துபோனீர்கள், தெரியும். அதற்காக வேவு பார்ப்பதா?

கருவி மேசைமேல் இருக்கிறது. ரிப்பேர்காரர் போனதும் இன்றைக்கே கடையில் மாற்றி வாருங்கள்.

பி.கு: அணைக்கட்டு வரை போகிறேன். போய்ச் சேர்ந்ததும் நானே கூப்பிடுகிறேன். கேட்டிருந்தால் தினமும் சொல்லியிருப்பேனே.