மாதம் ஒருவர் வரும் பக்கம்

வியாழன், பௌர்ணமி.

லாட்ஜின் இணையதளத்தைப் போன வாரம் புது முகவரிக்கு மாற்றினேன். தேடலில் பின்னுக்குப் போய்விடக் கூடாதென்று, பழைய பக்கம் ஒவ்வொன்றையும், அதன் லிங்க்கைத் தொட்டால் அதனதன் புதுப் பக்கமே திறக்கும்படி திருப்பிவிட்டேன். கிரிவலப் பாதையில் உட்காரும் இடங்களைச் சொல்லும் பக்கத்தை மட்டும் விட்டுவிடப் பார்த்தேன். வருகைக் கணக்கைப் பார்த்தால், பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரே ஒருவர்தான் அதைத் திறக்கிறார்.

"அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? சேத்துடு" என்றார் முதலாளி கலா அக்கா. முணுமுணுத்துக்கொண்டே சேர்த்தேன்.

இன்று மாலை ஒரு பெரியவர் வந்து போனை நீட்டினார். "எங்க வீட்டம்மா அனுப்பின லிங்க்குங்க. அவங்க இப்ப இல்ல. இத தொறந்து பாத்துட்டுத்தான் நடக்க ஆரம்பிப்பேன். இன்னைக்கு வேற மாதிரி இருக்குதே, அதே பக்கம்தானுங்களா?"

"அதேதாங்க" என்றேன். மாதாமாதம் திரையில் நான் ஒன்று என்று பார்த்த எண், வெறுங்காலோடு எதிரே நின்றது.