‘வேண்டும்’ என்றுதான் எழுதியிருந்தது

அனுப்புநர்:
கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மனைவி,
இரண்டாம் மாடி,
தபால் நிலையத்துக்கு எதிர்க் கட்டடம்.

பெறுநர்:
கடற்கரை நிர்வாக அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
கடற்கரைச் சாலை.

பொருள்: பழைய குளியல் மண்டபப் படிக்கட்டு – அறிவிப்புப் பலகை – விசாரணைக் குறிப்பில் என்னைப் பற்றிய ஒரு வரியை நீக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் சென்ற மாதம் நான்காம் தேதியிட்ட பதில் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

இறைவன் தங்களுக்கு நல்ல உடல்நலம் தருவாராக. நான் நஷ்டஈடு கேட்டு எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் தாங்கள் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

1. நானும் என் கணவரும் அவருடைய தங்கையும் தங்கள் ஊருக்கு மூன்று நாள் பயணமாக வந்திருந்தோம். என் நாத்தனாருக்கு ஐம்பது வயது. அதுவரை கடலைப் பார்த்ததில்லை. முதல் நாள் கலங்கரை விளக்கம், வாத்தியக்காரர்கள் வாசித்த எட்டுமூலை மேடை எல்லாம் பார்த்தோம். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குக் குளியல் மண்டபம் சென்றோம். அந்தக் காலத்தில் நோயாளிகள் வண்டி கட்டி வந்து கடல்நீரில் மூழ்கிக் குணமடைந்த இடம் என்று வாசலில் எழுதியிருந்தது. பளிங்குத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு என் நாத்தனார், “இதுல படுத்தா வியாதி போகுமோ இல்லியோ, எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்” என்றார். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

2. மண்டபத்தின் பின்புறம் கடலுக்கு இறங்க இரண்டு படிக்கட்டுகள் உள்ளன. இடப்புறத்தில் இரும்புக் கைப்பிடி உண்டு. வலப்புறத்தில் கைப்பிடி இல்லை, பலகை உண்டு. என் கணவரும் நாத்தனாரும் இடப்புறம் போகத் திரும்பினார்கள். நான்தான் கூப்பிட்டு நிறுத்தினேன். ஏனெனில் பலகையில், ‘குளிக்கச் செல்வோர் இந்தப் படிகளில் இறங்க வேண்டும்’ என்று இருந்தது.

3. என் கணவர், “எல்லாரும் அந்தப் பக்கம்தானே இறங்குறாங்க” என்றார். “எல்லாரும் படிக்காம போறாங்க. போர்டுல இப்படித்தான் போட்டிருக்கு” என்று நான் சொன்னேன். என் நாத்தனார் சிரித்துக்கொண்டே முதலில் இறங்கினார். நான்காம் படியில் பாசி. வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இப்போது குச்சி ஊன்றி நடக்கிறார்.

4. இதுபற்றி என் கணவர் அளித்த புகாருக்கு வந்த பதிலில், தங்கள் விசாரணைக் குறிப்பாக, ‘பலகையில் இறங்க வேண்டாம் என்றே தெளிவாக எழுதப்பட்டுள்ளது. எழுத்தறிவு குறைந்த பெண்மணி அதைத் தவறாக வாசித்ததே விபத்துக்குக் காரணம்’ என்று உள்ளது.

5. ஐயா, நான் பள்ளிக்கூடம் போனதில்லை என்பது உண்மை. கல்யாணத்துக்குப் பிறகு பேருந்துப் பலகை, மருந்துச் சீட்டு, பொட்டலம் கட்டி வந்த காகிதம் என்று ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக்கொண்டேன். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் பலகைகளைப் பார்த்து எழுதிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. வீட்டுக் கணக்கு நோட்டில் இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் பலகை. என் நாத்தனார் என்னைக் கூப்பிடுவதே ‘போர்டு அண்ணி’ என்றுதான். அன்றைய பக்கத்திலும் அந்த வரியை எழுதிய பிறகே படியை நெருங்கினேன். ‘வேண்டும்’ என்றே எழுதியிருக்கிறேன். அடுத்த வரி மருத்துவமனை வாசல் பலகை. புகார் கொடுக்க வந்தபோது இந்த நோட்டை நீட்டினேன்; தங்கள் எழுத்தர் அதைத் திறக்காமலே, “இதெல்லாம் அப்புறமும் எழுதலாம்மா” என்று திருப்பிக் கொடுத்தார்.

6. நாங்கள் படியில் இறங்குவதற்குச் சற்று முன் கடற்கரைப் புகைப்படக்காரர் எங்களை எடுத்த படத்திலும் அந்தப் பலகை விழுந்திருக்கிறது. ஆனால் என் கணவரின் தொப்பி சரியாக அந்த ஒரே எழுத்தை மறைக்கிறது. ‘வேண்’ தெரிகிறது, ‘ம்’ தெரிகிறது. முப்பது வருடத்தில் அவர் தொப்பி போட்டது அன்று ஒரு நாள்தான். மறைக்காமல் அந்தப் படத்தையும் இணைத்துள்ளேன்.

7. சென்ற வாரம் நான் மட்டும் திரும்ப வந்து பலகையைப் பார்த்தேன். இப்போது ‘வேண்டாம்’ என்றுதான் இருக்கிறது. ஆனால் மற்ற எழுத்துகள் வெயிலில் மஞ்சளித்திருக்க, அந்தத் துணைக்கால் மட்டும் பால்போல் வெளுப்பு. ‘டு’ இருந்த இடத்தில் ‘டா’ எழுத இடம் போதாமல், அது ‘ம்’மின் மேல் சாய்ந்து நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினேன். புதிதாகப் பூசிய பலகையின் நீல வண்ணத்துக்கு அடியில் ‘டு’வின் வளைவு மேடாகத் தட்டுப்படுகிறது. அங்கே தேநீர் விற்பவர், “அந்தம்மாவ தூக்கிட்டுப் போன மறுநாளே பெயிண்டர் வந்துட்டாரு. ஒரு எழுத்துக்கு ரெண்டு டீ குடிச்சாரு” என்றார். எழுதிக் கொடுக்கச் சொன்னதற்கு, “நாளைக்கும் நான் இங்கதானேம்மா கடை போடணும்” என்று கைகூப்பிவிட்டார். அவரை விசாரித்துத் தொந்தரவு செய்ய வேண்டாம். பலகையை விசாரித்தால் போதும்.

8. எங்கள் வீட்டில் தினமும் மாலைப் பிரார்த்தனையில் புத்தகத்தை உரக்கப் படிப்பது நான். பதினெட்டு வருடமாக அப்படித்தான். தங்கள் கடிதம் வந்த அன்று மாலை என் நாத்தனார், “அண்ணி படிச்சா நாம படியில விழணும். வேற யாராவது படிங்கப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் புத்தகம் என் மகன் கைக்குப் போனது. அவன் வேகமாகப் படிக்கிறான்; வரிகளை விடுகிறான். நான் சொல்வதில்லை. என் கண்தான் பிசகியதோ என்று எனக்கே சந்தேகம் வந்து, உப்பு டப்பாவின் மேல் எழுதியிருப்பதைக்கூட இரண்டு தடவை படிக்கிறேன்.

ஆகவே, தாங்கள் ஒரு நாள் காலை, வெயில் சாய்வாக விழும் நேரத்தில், அந்தப் பலகையின் மேல் தங்கள் விரலை ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அவசரத்தில் எழுத்து மாறிப் போவது யாருக்கும் நேரும். எழுதியவரைத் தண்டிக்க வேண்டாம். கைப்பிடி இல்லாத அந்தப் படியை அடைத்துவிட்டு, ‘தவறாக வாசித்ததே’ என்ற வரியை அடித்து, அடித்ததாக ஒரு கடிதம் அனுப்பினால் போதும். சுருக்கமாக இருந்தாலும் சரி. வந்ததும், எல்லோரும் பிரார்த்தனைக்கு உட்கார்ந்திருக்கும்போது, அதை நானே படிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மனுதாரர்
(கையொப்பம், கைநாட்டு அல்ல)

இடம்: வீடு
நாள்: பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை

இணைப்பு: நோட்டின் ஒரு பக்கம், தொப்பி உள்ள புகைப்படம் ஒன்று.