நானே இறைத்த தண்ணீர்

ஆவணி 9, வெள்ளிக்கிழமை

அம்முலு, இன்று டாக்டரிடம் முதுகைக் காட்டிவிட்டு வந்தேன். நடக்க முடியாத உன்னை எட்டு வருஷம் இடுப்பில் சுமந்த முதுகு. நீ போன பிறகும் அது நிமிரவில்லை. குனிந்து ஒரு வேலை செய்ய முடியாதவளை ஊருக்கே அனுப்பிவிடு என்று உன் அத்தை உன் அப்பாவிடம் தினமும் சொல்கிறாள்.

அலிப்பூரில் ஒரு வங்காளி டாக்டர், அமெரிக்காவில் படித்தவர். மருந்து கிடையாது, கையாலேயே முதுகெலும்பைச் சரிப்படுத்துகிறார். அந்த வைத்தியத்தின் பெயர் என் வாயில் நுழையவில்லை. உன் அப்பா பக்கத்திலேயே நின்றார். குப்புறப் படுக்கவைத்து ஓர் அழுத்து அழுத்தினார் டாக்டர். மளுக்கென்றது. செத்தேன் என்று கத்தினேன். “முடிந்தது, மா, எழுந்திரு” என்று சிரிக்கிறார்!

வீட்டு வாசலில் உன் அத்தை வழிமறித்தாள்.

“அந்நிய ஆம்பளை கை பட்ட உடம்புடீ. தலைக்குக் குளிக்காம உள்ளே வராதே. யார் உனக்குத் தண்ணி இறைச்சுத் தரப்போறா?”

“யாரும் தர வேண்டாம் அக்கா. நானே இறைச்சுக்கறேன்.”

கிணற்றடிக்கு ஓடிவந்த உன் அப்பாவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். நிறைந்த வாளியை நிமிர்ந்து நின்று இழுத்தேன். குளித்த பிறகு, உன் அத்தை பார்க்கட்டும் என்றே இன்னொரு வாளி இழுத்துத் துளசிக்கு ஊற்றினேன். வலி கொஞ்சம் இருந்தது. அது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நான் ஊருக்குப் போக மாட்டேன். உன்னைக் கரைத்த கங்கை இங்கேதான் ஓடுகிறது.

அங்கே உன்னை யார் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள், அம்முலு?