நேற்றுப் பொறுக்கிய கற்கள்

வாப்பா,

இன்று பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு விவாதப் போட்டி. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொருவருக்கும் அரசு மாதாமாதம் ஒரு வருமானம் கொடுக்க வேண்டுமா என்பது தலைப்பு. நான்தான் நடுவர். எதிர்த்துப் பேசிய பிள்ளை ஒருத்தி மேசையைத் தட்டி, "சும்மா குடுக்கிற காசு பிச்ச" என்றாள். மண்டபமே கைதட்டியது. எனக்குக் கேட்டது உங்கள் குரல். பேனையை மேசையில் வைத்துவிட்டேன்.

நீங்கள் அதைச் சொன்னது யட்டவத்தயில், நம் மிளகு ஸ்டோருக்குப் பின்னால் இருந்த வீட்டில், சாப்பாட்டு மேசையில். ஸ்டோருக்கு மிளகு துப்புரவாக்கும் மெஷின் வந்த வாரம் அது. கல்லையும் காம்பையும் அதுவே பார்த்து ஊதித் தள்ளிவிடும். அத்தனை வருடமும் சுளகை மடியில் வைத்துக் குனிந்திருந்த பெண்களை வரிசையாக நிற்க வைத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றீர்கள். அவர்களில் பூமணி மட்டும் கேட்டாள். "மெஷினச் சுத்திக் கூட்டிப் பெருக்கவாவது ஒரு ஆளு வேணுமில்லீங்களா, முதலாளி?"

"கூட்டுறதுக்கும் ஒரு மெஷின் வரும்" என்றீர்கள். பகிடி என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது நான் தொடங்கினேன். "அந்தப் பொம்புளகள் இனி எப்பிடி வாப்பா திண்ற? மெஷின் உழைக்கிறதுல ஒரு பங்க வரியா எடுத்து எல்லாருக்கும் குடுக்கலாந்தானே?"

"சும்மா குடுக்கிற காசு பிச்ச, மகள். அதத் திண்ட மனிசன் பொறகு எழும்ப மாட்டான்."

"டவுன் கடைட வாடக மாசாமாசம் ஒங்களுக்குச் சும்மாதானே வருது?"

"அது எங்கட வாப்பா வேர்வ சிந்திக் கட்டின கட."

"அவர் சிந்தினார். நீங்க?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். அதன்பின் பல நாள் என்னோடு பேசவில்லை. நானும் மாத்தளைக்குத் திரும்பிவிட்டேன். பொருளியல் படிப்பிக்கிறவளுக்கு வீட்டில் தோற்க மனமில்லை.

பிறகு பாரிசவாதம் உங்கள் வலப்பக்கத்தைச் சாய்த்தது. உம்மா அதற்கு முன்பே போய்விட்டார். ஸ்டோரை உங்கள் மகன், என் நானா எடுத்தார். நன்றாகவே நடத்தினார், அதுதான் உங்களுக்குப் பெரிய அடி. எதைக் கேட்டாலும், "நீங்க சும்மா இரிங்க வாப்பா, எல்லாம் நடக்குது" என்பார். சோற்றை ஊட்டப்போனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டீர்கள். குழறிய நாக்கால், "வேல செய்யாம எப்பிடித் திண்ற?" என்றீர்கள். பட்டினியாகவே கிடந்தீர்கள்.

நானாதான் வழி கண்டுபிடித்தார். ஒரு சுளகு மிளகைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்து, "இது மெஷினுக்குப் புடிபடுதில்ல வாப்பா, கையாலதான் பாக்கணும்" என்றார். உங்கள் முகம் தெளிந்து வந்ததை நான் பார்த்தேன். இடக்கையால் ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டீர்கள். பகல் சோற்றை ஒரு பருக்கை மிஞ்சாமல் சாப்பிட்டீர்கள்.

உங்களைத் தூக்கி உட்கார வைக்க, கழுவ, ஆள் வேண்டியிருந்தது. நாங்கள் கேட்டவர்கள் எல்லாம் மறுத்தார்கள். பூமணி வந்தாள். உங்கள் வாயோரத்தைத் துடைத்தாள், உடுப்பு மாற்றினாள். உங்கள் ஏச்சு மட்டும் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் கொஞ்சம் சுட்டுவிட்டது. "ஒனக்கென்ன சும்மாவா சம்பளம்? வேல செய்யத் தெரியாதவளே" என்று கத்தினீர்கள். அவள் உங்கள் முதுகைத் துடைத்து முடித்தாள். பின் சுளகின் முன்னால் குந்தி, சிரட்டையிலிருந்து ஒரு கல்லை எடுத்து உங்கள் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இந்தக் கல்ல நல்லாப் பாருங்க, முதலாளி. நேத்தும் இதத்தான் பொறுக்குனீங்க. முந்தாநாளும் இதேதான். பொழுதுபட்டா சின்ன முதலாளி எல்லாத்தயும் திருப்பிக் கொட்டிக் கலந்து வச்சிர்றாரு." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "நாங்க பொறுக்குன மிளகு கப்பலேறிப் போச்சுங்க. நீங்க பொறுக்குறது ராத்திரி படிக்கட்டுக்குக் கீழ போயி, காலயில ஒங்க முன்னாலயே திரும்பி வருது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். இல்லை என்று நான் சொல்லக் காத்திருந்தீர்கள். நான் சொல்லவில்லை.

நானா அவளை விரட்டத்தான் நினைத்தார். ஆனால் உங்களைத் தூக்க வேறு யார்? அன்று நீங்கள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நானே தட்டோடு வந்து உட்கார்ந்தேன்.

"சும்மா சாப்பிடுங்க வாப்பா. ஒங்கட ஊடு, ஒங்கட சோறு. ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

"சும்மா திண்டா நான் ஆரு, மகள்?" என்றீர்கள். பிறகு பூமணியிடம், "சுளகக் கொண்டா."

அதிலிருந்து மறைப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. பகலெல்லாம் நீங்கள் பொறுக்குவீர்கள். பொழுது சாயும்போது பூமணி உங்கள் கண் முன்னாலேயே சிரட்டையைச் சுளகில் கவிழ்த்துக் கலப்பாள். அவளுடைய சம்பளத்தில் அதுவும் ஒரு வேலை. அவள் கை வேலையறிந்த கை, ஒரு மிளகும் கீழே சிந்தாது. நீங்கள் முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவள் உங்களைத் தண்டிக்கிறாளா, உங்களுக்கு உதவுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்குமா தெரியாது. நீங்கள் மௌத்தாகும்வரை அது நடந்தது. கட்டிலிலிருந்து உங்களை எடுத்தபோது விரல் நுனிகளில் மிளகின் கறுப்பு ஏறியிருந்தது. குளிப்பாட்டியவர்கள் தேய்த்துப் பார்த்தும் முழுதாகப் போகவில்லையாம்.

விவாதத்தில் நாம் இருவருமே வெல்லவில்லை, வாப்பா. சோறு எல்லாருக்கும் சும்மா கிடைக்க வேண்டும் என்றுதான் இன்னும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். அதை நம்புகிறேன். ஆனால் விடுமுறை நாட்களில், வீட்டில் ஒரு வேலையும் மிச்சமில்லாத பகல் நேரத்தில், சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார என்னால் முடிவதில்லை. காயவைத்து மடித்து அலுமாரிக்குள் வைத்திருக்கும் துணிகளை வெளியே எடுத்து, நனைத்து, மறுபடி துவைத்துக் கொடியில் போடுகிறேன். அதன்பிறகுதான் பசிக்கிறது.