ரங்கூன் ராட்சசியைப் பதினெட்டு முறை வீழ்த்தியவர்

வாணியம்பாடி
19-9-1983

ஞானசௌந்தரி ரசிகர் மன்றச் செயலாளர் ஜே. ஜெயகரன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன். நான் இங்கே ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டன். போன வாரம் தினசரியில் எட்டாம் பக்கத்தின் அடியில் நாலு வரி போட்டிருந்தது. செகந்திராபாத்தில் முதன்முதல் ரிங்கில் ஏறிய பெண் குஸ்தி வீராங்கனை ஞானசௌந்தரி, வயது ஐம்பத்திரண்டு, ஒன்பதாம் தேதி லாலாகுடாவில் காலமானார் என்று. தகவல் தந்தவர் என்று உங்கள் பெயரும் மன்றத்தின் பெயரும் இருந்தன. அன்று சாப்பாட்டு மணி அடித்ததுகூட என் காதில் விழவில்லை. பிள்ளைகள் வந்து தட்டோடு நின்ற பிறகுதான் எழுந்தேன்.

நான் யாரென்று சொன்னால் கடிதத்தைக் கிழிக்கத்தான் உங்களுக்குத் தோன்றும். ஆனாலும் மறைத்து எழுத மனம் வரவில்லை. உங்கள் ஊர் ஜனம் ரங்கூன் ராட்சசி என்று கூப்பிட்டது என்னைத்தான்.

ராட்சசிக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். ரங்கூன் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான் தெரியாது. நான் ஆம்பூர்க்காரி. வாயைத் திறந்தால் ஆம்பூர் வெளியே வந்துவிடும் என்று, ரிங்கில் உறுமுவதைத் தவிர வேறு சத்தம் வரக்கூடாதென்பது குஸ்தி நடத்திய கான்ட்ராக்டர் போட்ட உத்தரவு. எட்டு வருஷம் உறுமினேன் ஐயா.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். நீங்கள் நினைவுக் கூட்டம் வைத்தால் ஓர் ஓரமாக வந்து நிற்கலாமா? கடைசிக் காலத்தில் அவர் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, அப்படியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆ. கனகம்


லாலாகுடா, செகந்திராபாத்
1-10-1983

கனகம் அவர்களுக்கு,

முதலில் நான் ஐயா இல்லை, பெண். ஜூடித் ஜெயகரன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டெலிபோன் ஆபரேட்டர். மன்றத்தில் தப்பில்லாமல் நாலு வரி எழுத வருவது எனக்கு மட்டும்தான் என்பதால் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மன்றக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் படித்தேன். முடிப்பதற்குள் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். எங்கள் தலைவர் சாரங்கபாணி மாமா, பாய்லர் ஷாப்பில் இருந்து ரிடையரானவர், “நக்கோ, வேணாம்! அவ இங்க கால் வெச்சா நான் கல்லறை வாசல்லயே குறுக்கே படுத்துக்குவேன்” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான்.

ஞானம் அக்கா எங்களுக்கு யாரென்று தெரியுமா உங்களுக்கு? எங்கள் குவார்ட்டர்ஸில் பெண்பிள்ளை சைக்கிளைத் தொட்டாலே அடி விழுந்த காலம் அது. அக்கா ரிங்கில் ஏறி உங்களைத் தலைக்குமேல் தூக்கிய மறுவாரம், என் அம்மா தானே முன்வந்து எனக்கு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

1966-இல் ரயில்வே மைதானத்தில் நடந்த கடைசிக் குஸ்தியின்போது எனக்குப் பதினைந்து வயது. நீங்கள் அவர்களைத் தூக்கி எறிந்தீர்கள். இடது தோள் எலும்பு முறிந்த சத்தம் முதல் வரிசை வரைக்கும் கேட்டது. அதற்குப் பழியாகத்தான் சாரங்கபாணி மாமா டிபன் கேரியர் மூடியை வீசி உங்கள் நெற்றியைப் பிளந்தார். இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். அக்காவுக்கு அந்தக் கை அதற்குப் பிறகு தோளுக்குமேல் எழும்பவே இல்லை. ரிங்கும் போயிற்று, தையல் வேலையும் போயிற்று. பதினேழு வருஷம் அவர்களுக்குத் தலை பின்னிவிட்டது நான்.

உங்களைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை. பக்கவாதத்தில் வாய் இழுத்துக்கொண்டு ஐந்து நாள் பேச்சே இல்லை. கடைசி நாள் மத்தியானம் என் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை அழுத்தினார்கள். பிறகு கை தளர்ந்துவிட்டது. நம்மை ஆசீர்வதித்துவிட்டுப் போனார்கள் என்று ஆயர் சொன்னார். அந்த ஆசீர்வாதத்தில் உங்களுக்குப் பங்கில்லை.

அடுத்த வருஷம் நினைவு நாளன்று கல்லறையில் கல் வைக்கிறோம். ‘ரங்கூன் ராட்சசியைப் பதினெட்டு முறை வீழ்த்தியவர்’ என்று அதில் பொறிப்பார்கள். உங்களுக்கு இங்கே இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

ஜூடித் ஜெயகரன்
செயலாளர்


வாணியம்பாடி
12-10-1983

அன்புள்ள ஜூடித் அம்மாவுக்கு,

அந்த இரண்டு அழுத்தத்தைக் கோபத்தில்கூட விட்டுவிடாமல் எழுதினீர்களே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். மூன்று நாளாகக் கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

இனி எழுதப்போவதை எவரிடமும் சொல்வதில்லை என்று ஞானமும் நானும் முதல் நாளே ஒருவர் தலையில் ஒருவர் கை வைத்துச் சத்தியம் செய்தோம். இன்று மீறுகிறேன். இதை நீங்கள் மட்டும் படியுங்கள். கூட்டத்தில் படிக்க வேண்டாம்.

நாங்கள் எதிரிகள் இல்லை. எட்டு வருஷம் ஒரே ரயிலில், வேறு வேறு பெட்டியில் போனோம். ஊர் தாண்டியதும் அவள் என் பெட்டிக்கு வந்துவிடுவாள். எனக்குக் கீழே விழக் கற்றுக்கொடுத்தது அவள்தான். யார் எப்போது விழுவது, யார் ஜெயிப்பது என்பதெல்லாம் ரிங் ஏறும் முன்பே பேசி வைத்தது. ஜனங்கள் அவளை விரும்ப வேண்டுமென்றால் என்னை வெறுக்க வேண்டும். என் தொழிலே அதுதான்.

தூக்கி எறியும்போது கழுத்து முறியாமல் இருக்க ஒரு முறை வைத்திருந்தோம். விழப்போகிறவள் தூக்குகிறவளின் மணிக்கட்டை ஒருமுறை அழுத்துவாள். ‘நான் விழப்போகிறேன்’ என்று அர்த்தம். பிறகு மூச்சை இழுத்து, உடம்பைத் தளர்த்திக்கொண்டு, இரண்டாவது முறை அழுத்துவாள். ‘தயார், விடு’ என்று அர்த்தம். அது வரும் வரைக்கும் கை விடக்கூடாது.

ரயில்வே மைதானத்தில் மூடி வந்தது பிறகு இல்லை அம்மா, முன்னால். கதைப்படி நான் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். அப்போது மூடி வந்து நெற்றியில் பட்டது. கண்ணெல்லாம் ரத்தம், காதில் ஒரே இரைச்சல். அதோடுதான் அவளைத் தூக்கினேன். ஒருமுறை அழுத்தினாள். இரண்டாவது முறைக்கு நான் காத்திருக்கவில்லை. பயத்தில் கையை விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் ஆட்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரி எந்த முகத்தோடு உள்ளே போவாள்? எதிரே ஒரு மரத்தடியில் இரண்டு நாள் நின்றுவிட்டு ரயிலேறினேன். ‘மன்னித்துவிடு’ என்ற ஒரு வார்த்தையை அவளிடம் சொல்லவே இல்லை.

அதனால்தான் கேட்டேன். இந்தத் தடவை இரண்டு முறை அழுத்தினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் கையை விடாமல் பிடித்திருந்திருக்கிறீர்கள். தயாராகித்தான் விழுந்திருக்கிறாள். இதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

உங்கள்,
கனகம்


லாலாகுடா
6-2-1984

கனகம் அவர்களுக்கு,

நான்கு மாதம் பதில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்றே இருந்தேன்.

பேசி வைத்துக்கொண்டு போடும் சண்டைக்கு இந்த ஊரில் நூரா குஸ்தி என்று பெயர். கேலியாகச் சொல்கிற வார்த்தை. எங்கள் அக்காவுடையது அப்படி இல்லை என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன்! பதினெட்டு ஜெயமும் பேசி வைத்தது என்றால், நான் எதைப் பார்த்து சைக்கிள் ஏறினேன்? கிறிஸ்துமஸுக்குக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனேன். ஏற்றாமல் திரும்பி வந்துவிட்டேன். செத்துப் போனவர்களிடம் கோபப்படுவது பெரிய வேதனை. திரும்பிச் சண்டை போட ஆள் இல்லை.

நீங்கள் சொல்வது பொய்யாக இருக்கட்டும் என்று மாமாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். “மூடியை எப்ப வீசினீங்க மாமா?” “கைக்கு, எதுக்கு கேக்கறே? நம்ம பொண்ணு முடியப் பிடிச்சு இழுத்தாளே, அப்பவே வீசினேன். குறி தப்பல!” என்று சிரித்தார். அக்காவின் தோளை முறித்தது நாங்கள்தான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நாங்கள் ராட்சசியைத் திட்ட ஆரம்பித்தால் அக்கா எழுந்து டீ போடப் போய்விடுவார்கள். பழைய வலியை நினைக்கப் பிடிக்கவில்லை போல என்று நாங்கள் பேச்சை மாற்றுவோம். அவர்கள் ஒருநாள்கூட உங்களைத் திட்டி நான் கேட்டதில்லை.

கல் வெட்டுகிறவரிடம் அந்த வரியை எடுத்துவிடச் சொல்கிறேன். மாமாவிடமும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். செப்டம்பரில் நீங்கள் வாருங்கள். முன்பு எழுதியதற்கு மன்னியுங்கள்.

ஜூடித்


வாணியம்பாடி
15-2-1984

தங்கை ஜூடித்துக்கு,

உன் கோபம் நியாயமானது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அப்போது நான் எழுபத்தெட்டு கிலோ. பேசி வைத்துவிட்டால் எடை குறைந்துவிடுமா? அவள் என்னைத் தலைக்குமேல் தூக்கியது நிஜம். பலகைமேல் ஒரு விரல் கனத்துக்குத்தான் பஞ்சு. அதில் ஊர் ஊராகப் போய் விழுந்ததும் நிஜம். பொம்பளை என்று கூக்குரல் போட்டவன் முன்னால் முதல் நாள் அவள் ஏறி நின்றாளே, அதை எவனும் பேசி வைத்துத் தரவில்லை. நீ சைக்கிள் ஏறியது வீண் போகவில்லை.

மாமாவிடம் சொல்லாதே. அவர் வீசியது பாசத்தில். இந்த வயதில் அவர் தலையில் அந்தச் சுமையை ஏற்றி என்ன ஆகப்போகிறது? எனக்குச் சுமந்து பழகிவிட்டது. ஞானமும் அதனால்தான் டீ போடப் போயிருப்பாள். மூடியை வீசிய கை யாருடையது என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நான் வரவில்லை. வந்தால் அழுதுவிடுவேன். ராட்சசி அழுதால் எல்லாம் அங்கேயே வெளுத்துவிடும். அவள் இருபத்தைந்து வருஷம் காப்பாற்றியதை நான் அரை மணியில் கெடுக்கக்கூடாது.

கல்லில் அந்த வரியை எடுக்கவே எடுக்காதே. உனக்குப் புரிகிறதா ஜூடித்? அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கக் கிடைத்த ஒரே இடம் அது. அதைப் படிக்கும்போது ஜனங்கள் வழக்கம்போலத் திட்டட்டும். அந்தச் சத்தம் இல்லாமல் அவள் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

அக்கா,
கனகம்


லாலாகுடா
12-9-1984

அன்புள்ள கனகம் அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். பிப்ரவரிக் கடிதத்துக்குப் பதில் போடாததற்குக் கோபிக்காதீர்கள். கல் நின்ற பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

ஒன்பதாம் தேதி சாயங்காலம் கல்லைத் திறந்தோம். நல்ல மழை. இருந்தும் இருநூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள். பாதிப்பேருக்கு நரைத்துவிட்டது. ஒர்க்‌ஷாப் ஆட்கள் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடேயே சைக்கிளில் வந்தார்கள். பர்தா போட்ட அம்மா ஒருவர், அக்கா ஜெயித்த அன்று பிறந்தவள் என்று தன் மகளை அழைத்து வந்திருந்தார். ஆயர் ஜெபம் முடித்ததும் நான் கல்லைப் படித்தேன். முதல் வரிக்கு எல்லாரும் அழுதார்கள். ‘ரங்கூன் ராட்சசியை’ என்றதும் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

பிறகு சாரங்கபாணி மாமா கைத்தடியை உயர்த்தி, “ராட்சசி, டவுன் டவுன்!” என்றார். அவ்வளவுதான். இருநூறு பேரும் பிடித்துக்கொண்டார்கள். தமிழில், தெலுங்கில், ஹிந்தியில் கத்தினார்கள். விசில் அடித்தார்கள். ஆயர் திகைத்துப்போய் வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். அழுத முகங்கள் எல்லாம் கண்ணீரோடேயே சிரித்தன. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது நான்தான். மறுநாள் எக்ஸ்சேஞ்சில் பேசத் தொண்டை இல்லை. இதை எழுதும்போதும் அழுகிறேன் அக்கா.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. மாமாவுக்கு இப்போது கண் சரியில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாசலில் நின்று, “அந்த ராட்சசி உசிரோட இருக்காளாம்மா?” என்று கேட்டார்.

“தெரியலை மாமா.”

“அவ இல்லேன்னா நம்ம பொண்ணு யாரத் தூக்கிப் போட்டிருப்பா, சொல்லு?” என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். மறுபடி நின்றார். “அந்த மூடி... அவளுக்கு ரொம்பப் பட்டுருக்குமோ?”

நீங்கள் சொன்னபடி நான் எதையும் சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் சார்பில் ஒரே ஒரு பதில் மட்டும் சொல்லிவிட்டேன்.

“ரொம்ப நாள் ஆச்சு மாமா. இதுக்குள்ள ஆறியிருக்கும்” என்றேன்.

ஆறிவிட்டதுதானே அக்கா?

உங்கள் தங்கை,
ஜூடித்