காரணம் தெரியாமல் நான் வெட்டிய கோடு

நேற்று ஜன்னலை மூட மறந்துவிட்டுப் போயிருக்கிறேன். காலையில் வந்து பார்த்தால் துறைமுகத்து நிலக்கரித் தூள் காற்றோடு வந்து கணினித் திரை முழுக்கப் படிந்திருக்கிறது. துடைக்கத் துணியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்தத் தூசியில்தானே நீ விரலால் எண்களை எழுதுவாய்! பக்கத்திலேயே வெள்ளைத்தாள் கட்டுக்கட்டாக இருக்கும். "தாளு பறந்துரும். தூசி நம்மள விட்டு எங்களா போவும்?" என்பாய். ஒருமுறை நீ எழுதிய எண்ணை, அறை பெருக்க வந்த அக்கா துடைத்துவிட, அரை நாள் என்னோடு சண்டை போட்டாய். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

தூசி மட்டும் என்றால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு செய்தி வந்திருக்கிறது. வரிசையாகத்தான் சொல்வேன். "முடிவச் சொல்லுளா மொதல்ல" என்று நடுவில் புகுந்து அவசரப்படுத்த நீ இல்லை அல்லவா.

சனிக்கிழமைகளில் கல்லூரியின் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து, கடல் கடந்த நாட்டில் இருக்கும் இரண்டு ஈர்ப்பு அலை உணரிகளின் தரவை அலசத் தொடங்கிய காலம். மதியச் சோறு கொண்டுவந்த உன் அம்மா திரையைப் பார்த்து, "என்னத்தளா தேடுதிய ரெண்டு பேரும்?" என்று கேட்டார். கிலோமீட்டர் கணக்கில் நீளும் குழாய்கள், அவற்றின் முனையில் கண்ணாடிகள், நடுவே லேசர் ஒளி என்று நான் பாடம் நடத்த ஆரம்பித்தேன். நீ என்னைத் தள்ளிவிட்டாய். "கண்ணுக்குத் தெரியாத ஒன்னு ஒலகம் பூரா நெறஞ்சு கெடக்கும்மா. கரும்பொருள்னு பேரு. அது அந்தக் கண்ணாடிய லேசா ஆட்டுதான்னு பாக்கோம்."

"ஆட்டுதா?"

"இன்னும் ஆட்டல."

"ஆட்டாததப் பாக்கதுக்கு ரெண்டு பேரா?" என்று சொல்லிக்கொண்டே அம்மா தூக்குச்சட்டியைத் திறந்தார்.

கருந்துளைகள் மோதும் அதிர்வு நொடியில் வந்து போய்விடும். நாம் தேடியது அப்படியில்லை. கரும்பொருள் மிக மிக லேசான துகள்களால் ஆனதென்றால், அது ஓயாமல் ஒரே சுருதியில் கண்ணாடிகளை அசைக்கும். மாதக்கணக்கான தரவைச் சேர்த்துப் பார்த்தால் வரைபடத்தில் ஒரு மெல்லிய கோடாக நிமிரும். வில்லங்கம் என்னவென்றால் அங்கே ஏற்கெனவே கோடுகளுக்குப் பஞ்சமில்லை. கரண்டின் முரலல் ஒரு கோடு, கண்ணாடியைத் தொங்கவிட்ட இழையின் நடுக்கம் ஒரு கோடு, எங்கோ ஓடும் மின்விசிறி ஒரு கோடு. ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடித்து அட்டவணையில் எழுதிய பிறகே கணக்கிலிருந்து வெட்ட வேண்டும். அதில் உன்னை அடிக்க ஆளில்லை. படகுத்துறை ஓரம் வளர்ந்தவள் நீ. வல்லம் கண்ணில் படும் முன்பே எஞ்சின் சத்தத்தை வைத்து, "இது சித்தப்பா வல்லம், அது மேலத்தெருக்காரவுக வல்லம்" என்று பிரிப்பாய்.

பிறகுதான் அந்தக் கோடு வந்தது. இரண்டு உணரிகளிலும் ஒரே இடத்தில். ஊசி முனையாக இல்லாமல், கரும்பொருளுக்கு இருக்க வேண்டிய அதே சின்ன அகலத்தில். நீ நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாய். பட்டியலில் இருந்த எந்தக் காரணமும் பொருந்தவில்லை.

"ஏதாவது கருவி போடுற சத்தமாத்தான் இருக்கும்" என்றேன்.

"இருக்கலாம். எந்தக் கருவி?" என்றாய்.

அதற்குள் நீ நோயில் படுத்துவிட்டாய். டாக்டர்கள் நாள் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் முகமே சொன்னது. நீ இருக்கும்போதே கட்டுரை வெளிவர வேண்டும், உன் பெயரை அச்சில் உனக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. அந்தக் கோட்டை விளங்காதது என்று விட்டுவைத்தால் உணரிகளை நடத்தும் குழுவின் கேள்விகள் மாதக்கணக்கில் நீளும். ஒரு நாள் பகலில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காரணம் என்ற கட்டத்தில் "கருவி இரைச்சல்" என்று எழுதிக் கோட்டை வெட்டிவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அச்சான கட்டுரையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். நீ பெயரைப் பார்க்கவே இல்லை. நேராக அட்டவணைக்குப் போனாய். அந்த வரியில் விரலை வைத்து, "பேரு தெரியாதவனக் களவாணின்னு எழுதிட்டியேளா" என்றாய். திட்டியிருந்தால் கூடத் தேவலை. நான் பேச்சை மாற்ற ஆரஞ்சு உரித்தேன். நீ சுளை சுளையாக முழுவதையும் தின்று முடித்துவிட்டு, "புளிக்குளா" என்றாய். எட்டே நாளில் போய்விட்டாய்.

இரண்டு வருடமாக அந்தச் சொல் என்னை விடவில்லை. புதுத் தரவிலும் அந்தக் கோடு அப்படியே நின்றது. யாராவது அதைக் கண்டு, இது கரும்பொருள்தான் என்று நிரூபித்துவிட்டால்? உலகமே தேடியதை நீ கண்டாய், உன் கூட்டாளி அதைக் குப்பையில் போட்டாள் என்றாகும். செத்தவளிடம் எங்கே போய் மன்னிப்புக் கேட்பேன்? உன் அம்மாவைக் கடைத்தெருவில் தூரத்தில் கண்டாலே வேறு சந்தில் திரும்பிவிடுவேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

தூசியைத் துடைத்துவிட்டுத் திரையைத் திறந்தால் உணரி நிலையத்து எஞ்சினியரிடமிருந்து மடல். கண்ணாடி அறைக்கு வெளியே இருக்கும் ஒரு பவர் சப்ளை பெட்டியை அணைத்து ஒரு வாரம் தரவு எடுத்தார்களாம், கோட்டைக் காணோம். மறுபடி போட்டார்களாம், வந்து நின்றது. இன்னொரு நிலையத்திலும் அதே வகைப் பெட்டி, அங்கும் அதே கதை. அறையின் சூடு ஏறி இறங்க அந்தப் பெட்டியின் சுருதியும் கொஞ்சம் முன்னும் பின்னும் அலைந்திருக்கிறது. நம்மை ஏமாற்றிய அகலம் அதுதான். கரும்பொருளுக்கு சுவிட்ச் கிடையாது.

கரும்பொருள் இல்லை என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். முதலில் சிரித்தேன், பிறகு மேசையில் தலையைச் சாய்த்து அழுதேன். நெஞ்சின் மேல் கிடந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. ஆனாலும் உன்னிடம் மழுப்ப மாட்டேன். நான் எழுதியது உண்மையாகிப் போனது என் அதிர்ஷ்டம். எழுதியபோது எனக்கு ஒன்றும் தெரியாது.

இத்தனை நாள் கழித்து அந்தப் பெட்டியில் ஏன் கை வைத்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். பதிலோடு நீ அவருக்கு எழுதிய பழைய மடல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். தேதி நான் ஆரஞ்சு உரித்த அதே நாள். நான் படியிறங்கிய பிறகு படுக்கையில் கிடந்தபடி எழுதியிருக்கிறாய். கண்ணாடி அறையைச் சுற்றியிருக்கும் பெட்டிகளை, வாய்ப்புக் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். பெரிய பராமரிப்பு முடிந்த இப்போதுதான் அவர்களுக்கு அந்த வாய்ப்பு வந்திருக்கிறது. உன் கண்டுபிடிப்பை உடைக்க நீயே சுத்தியலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இனி ஒரு கோட்டை வெட்டும் முன் அந்தக் கருவியின் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு நானும் எழுதிக் கேட்பேன். பதில் வராவிட்டால் காரணக் கட்டத்தில் "தெரியாது" என்றே போடுவேன். கூட வேலை பார்ப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள், சலிக்கட்டும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வார்த்தை. நாளைக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன்.

உன் மடலின் கடைசி இரண்டு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. "இது வெறும் இரைச்சல்தான் என்று தெரிந்தால், முதலில் என் தோழிக்குச் சொல்லுங்கள். அதுவரை அவள் சரியாகத் தூங்க மாட்டாள்."

சொல்லிவிட்டார்கள். இன்றைக்குத் தூங்கிவிடுவேன்ளா.