மூடியில் நீ எழுதி வைத்தது

என் தவராசாவுக்கு,

உன் அண்ணை எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவைத்ததல்ல. என் கை, என் பேனா. இந்த ஒரு வரிக்கே ஒரு மத்தியானம் போய்விட்டது. ஆனாலும் மக்கா, என்ன சந்தோஷம் தெரியுமா? போன வாரம் பஸ்ஸின் நெற்றியில் 'வடசேரி' என்றிருந்ததை நானே வாசித்து ஏறினேன். உட்காரும்போது பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். நீ இல்லை.

நம் பயிற்சி வகுப்பு நினைவிருக்கிறதா? தேங்காய்த் தும்பு ஆலை மூடி வேலை போனவன் நான். சண்டைக்குத் தப்பிக் கடல் தாண்டி வந்து முகாமில் இருந்தவன் நீ. எங்களையும் உங்களையும் ஒரே கொட்டகையில் உட்காரவைத்து, அரசாங்கம் மூன்று மாதம் பெயின்டர் வேலை கற்றுக்கொடுத்தது. முதல் நாள் பதிவேட்டில் நான் கைநாட்டு வைத்ததைப் பார்த்துச் சிரித்தாய்.

"எதுக்குல சிரிக்க?" என்று எகிறினேன்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. வாசிக்கிறதை நான் பாக்கிறன். நிறம் கலக்கிறதை நீங்கள் பாருங்கோ."

கடைசி நாள் தேர்வில் சார் ஒவ்வொரு டின்னாகத் தூக்கிக் காட்டி, உள்சுவருக்கா வெளிச்சுவருக்கா என்று கேட்டார். எதிரே நின்று நீ மூக்கைச் சொறிந்தால் வெளி, காதைச் சொறிந்தால் உள். "என்னவே, ஒமக்குச் சொறியா?" என்று சார் உன்னைக் கேட்டார். நான் தேறிவிட்டேன். அதன்பின் இருபது வருடம் ஒரே சாரத்தில் ஏறி நின்று பெயின்ட் அடித்தோம். எனக்கு எழுத்து தெரியாது என்று உன் மனைவி வசந்தாவிடம்கூட நீ சொன்னதில்லை.

முகாமில் பழைய வீடுகளை இடித்துப் புது வீடு கட்டத் தொடங்கிய சமயம், சுசீந்திரத்து வீட்டு வேலையில் இளமஞ்சள் பெயின்ட் இரண்டு டின் மிஞ்சியது. கேட்டு வாங்கி வந்து என் வீட்டில் வைத்தாய். "ஊரார் சுவரெல்லாம் அடிச்சாச்சு. இது என்ர சுவருக்கு அண்ணை" என்றாய். பிரஷ் நுனியால் மூடிகளில் ஏதோ இழுத்தாய். பிரஷைத் துடைக்கிறாய் என்று நினைத்தேன்.

வீட்டுச் சாவி வர ஒன்றரை மாதம் இருக்கும்போது நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த ஒன்றரை மாதம் பொறுத்திருக்கக் கூடாதா?

சாவி வந்ததும் உன் வீட்டு முன்சுவரை நான்தான் அடித்தேன். வசந்தா தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு, சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்று உள், ஒன்று வெளி; ஆனால் இரண்டு டின்னும் ஒரே அளவு, ஒரே நிறம். மூக்கைச் சொறிய ஆளில்லை. கடையில் காட்டிக் கேட்டிருக்கலாம், வெட்கப்பட்டேன். கைக்கு வந்ததைத் திறந்தேன்.

ஐப்பசி மழை ஒரே வாரம்தான் பெய்தது. மஞ்சள் கரைந்து படியில் வழிந்தது. மிச்சம் செதிள் செதிளாக உரிந்தது.

"சர்டிபிகேட் வாங்குன பெயின்டராக்கும்!" என்று அடுத்த வீட்டுக்காரன் சிரித்தான்.

நான் வசந்தாவிடம், "பெயின்டு சரியில்ல மோளே, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன்.

"அவருக்குக் குடுத்து வைக்கேல்லை. விடுங்கோ அண்ணை" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை.

தை மாதம் முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். "படிச்சுக் கலெக்டராவப் போறீராக்கும்?" என்றாள் என் வீட்டுக்காரி. சிலேட்டை மட்டும் தினமும் துடைத்துத் தந்தாள்.

எழுத்துக் கூட்ட வந்ததும் வீட்டில் எழுத்திருந்த எல்லாவற்றையும் வாசித்தேன். சுவரில் மாட்டிய நம் சான்றிதழையும் வாசித்தேன். 'உள்சுவர், வெளிச்சுவர் வண்ணம் பூசுவதில் தேர்ச்சி' என்றிருந்தது. கீழே என் கட்டைவிரல் ரேகை. பிறகு அந்த இரண்டு டின்களையும் இழுத்துப் போட்டேன். காலி டின்னின் மூடியில் உன் கையெழுத்து: 'உள்'. திறக்காத டின்னின் மூடியில்: 'வெளி'.

எனக்காகத்தானே எழுதி வைத்தாய் தவராசா? உனக்கு ஏதோ தெரிந்திருந்ததா? அந்த மூடியை மடியில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மழை விட்டிருக்கிறது. உன் சுவரும் காய்ந்திருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை 'வெளி' டின்னோடு உன் வீட்டுக்குப் போகிறேன். போனவுடன் பிரஷைத் தொட மாட்டேன். வசந்தாவை உட்காரச் சொல்லி, இந்தக் கடிதத்தை என் வாயால் வாசித்துக் காட்டுவேன். திக்கித் திக்கித்தான் வாசிப்பேன். ஆனால் ஒரு வரியும் விட மாட்டேன். கம்பெனிக்காரன்மேல் பழி போட்ட வரியையும் விட மாட்டேன். அவள் சரி என்றால் டின்னைத் திறப்பேன். இரண்டு கோட்டிங். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கைநாட்டு வைக்காமல், தன் பெயரைத் தானே எழுதும்,
உன் அண்ணை
தங்கப்பன்